1098 மொரிஸ் மைனர்: இரண்டரை லட்சத்துக்குள்ள எதைச் செய்றது, எதை விடுறது?

ஒலுவில்_பொறியியல்:
கல்லடியில கடற்கரைப் பக்கம் மூன்று மாரியா வெளியில நின்ற ஸ்ரீ நம்பர் (இலங்கைப் பழைய நம்பர் ப்ளேட்) மைனர் கார். நாலு கதவு, 1098 சி.சி. எஞ்சின். கையால சுத்தினால் எஞ்சின் சுத்துது, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கல. பிறேக் பெடல் தரை வரைக்கும் போகுது. ட்ரைவர் பக்க மேட்டைத் தூக்கினால் கீழ மண் தெரியுது. கையில இரண்டரை லட்சம் இருக்கு, பிறகு மாசம் பதினையாயிரம் போடலாம். வெல்டிங் தவிர மற்றதெல்லாம் நானே செய்வேன். டட்சன் 1200 எஞ்சின், அலோய் வீல், புதுப் பெயின்ட் எல்லாம் ஆசை. எங்க தொடங்குறது அண்ணாமாரே?

கல்முனை_டிங்கர்:
தம்பி, மண் தெரியுதெண்டால் முதல் சல்லி தகட்டுக்குத்தான். மைனருக்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) இல்லை. தரையும் சில்லும் (சக்கரமில்லை, கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற பெட்டித் தகடு) குறுக்குச் சட்டமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூட்ரைவரும் எடுத்துக் கீழ படுத்துத் தட்டிப் பாருங்க. முன் சீற்றுக்குக் கீழ இருக்கிற குறுக்குச் சட்டம், ஜக் வைக்கிற இடம், பின் ஸ்ப்ரிங் முன்பக்கம் பிடிக்கிற இடம், சில்லின் அடி, இந்த நாலையும் விடாதீங்க. முன் சக்கரத்துக்கு ஸ்ப்ரிங் மாதிரி வேலை செய்ற முறுக்குக் கம்பி, டோர்ஷன் பார், அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிடிச்சிருக்கு. அது உக்கியிருந்தால் மற்ற எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு அதைப் பாருங்க.

சில்லை வெட்ட முதல், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாய் ஒட்டி இறுக்கணும். ஒரு பக்கம் முடிச்சுப்போட்டுத்தான் மற்றப் பக்கம் வெட்டணும். ரெண்டையும் ஒண்டா வெட்டினால் வண்டி நடுவில தொய்ஞ்சு, பிறகு கதவு பூட்டாது. தரைக்கு 1.2 மி.மீ. தகடு, சட்டங்களுக்கு 1.6 மி.மீ. கேஸ் வச்ச மிக் வெல்டிங் உள்ள கராஜ் தேடுங்க, ஆர்க் குச்சி இந்தத் தகட்டை ஓட்டையாக்கும். ஒரு அங்குலம் ஒட்டி, இடம் விட்டு, வேற இடத்தில ஒரு அங்குலம் எண்டு போனால் சூட்டில தகடு நெளியாது.

உக்கின தகட்டுக்கு மேலேயே புதுத் தகடு போட ஒத்துக்கொள்ளாதீங்க. ரெண்டுக்கும் நடுவில உப்பு ஈரம் நிண்டு புதுசையும் தின்னும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறியணும். பிறகு கறள் மருந்து, சிங்க் பிறைமர், மூட்டுக்குச் சீலர், சில்லுக்குள்ள மெழுகு. தண்ணி வடியிற ஓட்டைகளை அடைக்க வேண்டாம். கழிவு ஒயில் அடிக்கிற பழக்கம் இங்க நிறைய இருக்கு, அது ரப்பர் புஷ்ஷை ஊதவச்சுப் பழுதாக்கும்.

இன்னொண்டு. கரையோரக் கிணத்துத் தண்ணி உவரெண்டால் வண்டி கழுவவும் றேடியேற்றருக்கும் அதை எடுக்காதீங்க.

மட்டுநகர்_பிறேக்:
தரை வெட்டுறதோட மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதிச்சால் பிறேக் ஒயிலைத் தள்ளுறது) கழற்றுங்க. மைனரில அது ட்ரைவர் காலடியில, சட்டத்துக்குள்ள இருக்கு. அதை விட்டுட்டு வெல்டிங் செய்தால் உள்ள ரப்பர் கருகும், பிறேக் ஒயில் தீப்பிடிக்கவும் கூடும். போல்ட்டை வெளிய இழுக்க டோர்ஷன் பார் இடம் விடாது. திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மற்றப் பக்கமிருந்து போடுங்க, அடுத்த முறை லேசு.

முன் சக்கரம் ஒவ்வொண்டுக்கும் ரெண்டு, பின்னுக்கு ஒண்டொண்டு, மொத்தம் ஆறு வீல் சிலிண்டர். எது கசியுதெண்டு தேடாமல் ஆறையும் திறங்க. இது ஒற்றைச் சுற்று, ஒரு இடம் போனால் நாலு சக்கரத்துக்கும் பிறேக் இல்லை. உள் சுவரில கறள் குழி இருந்தால் ரப்பர் கிட் போட்டுப் பிரயோசனமில்லை, புதுச் சிலிண்டர்தான். மூன்று ஹோஸையும் மாத்துங்க. 3/16 அங்குலக் குழாயைச் செம்பு-நிக்கலில போடுங்க, கடல் காத்துக்கு இரும்புக் குழாய் நிக்காது. டொட் 4 ஒயில், சீல் உடைக்காத டின். காத்து எடுக்க முதல் ஷூ அட்ஜஸ்டரை முழுசா இறுக்குங்க. பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது எண்டு எடுத்து முடிச்சு, சக்கரம் தேய்க்காமல் சுத்துமட்டும் தளர்த்துங்க. பெடல் கீழ போறதுக்குப் பாதி நேரம் இந்த அட்ஜஸ்டர்தான் காரணம்.

அதோட முன் ட்ரனியன், முன் சக்கரம் திரும்புற புரி போட்ட மூட்டு. ஜக் ஏத்திச் சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. கீழ் ட்ரனியன் புரி தேய்ஞ்சால் ஓடுற ஓட்டத்தில சக்கரம் மடிஞ்சு விழும். பாரம் இல்லாமல் தூக்கி வச்சுக் கிறீஸ் அடிச்சால்தான் புரிக்குள்ள போகும்.

அக்கரைப்பற்று_மைனர்:
டட்சன் எஞ்சின் வேண்டாம் மச்சான். எஞ்சினோட கியர் பொக்ஸ், மவுண்ட், ப்ரொப்ஷாஃப்ட் எல்லாம் மாறும், வண்டிப் பதிவுப் புத்தகத்தில உள்ள எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில மாத்தணும். இருக்கிறதைப் பார். ப்ளக் நாலையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கரண்டி ஒயில் விட்டு ஒரு நாள் வை, பிறகு கையால சுத்து. டாங்கியில கிடக்கிற பெற்றோலை முழுசா இறக்கு. 20 டபிள்யூ 50 ஒயில், ஃபில்டரோட மூன்றே முக்கால் லீற்றர் அளவு. இடைவெளி அளவு: டப்பெட் எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க 12 தௌ (ஒரு தௌ எண்டால் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு), பொயின்ட் 15 தௌ, ப்ளக் 25 தௌ. ஒரு சிலிண்டரில கொம்ப்ரெஷன் குறைஞ்சால் ஒயில் விட்டுத் திரும்ப அள. ஏறினால் ரிங், ஏறாட்டில் வால்வு.

ஒலுவில்_பொறியியல்:
சரி, எஞ்சினும் அலோயும் விட்டாச்சு. டைனமோவுக்குப் பதிலா அல்டனேட்டர் போடலாமா? இரவில லைட் மங்குது எண்டு எல்லாரும் சொல்றாங்க.

அக்கரைப்பற்று_மைனர்:
போடலாம், சல்லிக்கு உதவுற மாற்றம் அதுதான். டைனமோ தருவது 22 அம்பியர் அளவு. 60 வாற் பல்ப் ரெண்டே 10 அம்பியர் தின்னும், வைப்பரும் ஓடினால் பற்றரி இறங்கும். ஆனால் மைனர் கம்பனியால வரும்போது பற்றரியின்ட பொசிட்டிவ் முனை பொடியில பூட்டியிருக்கும், அல்டனேட்டருக்கு நெகட்டிவ்தான் பொடியில இருக்கணும். யாரும் முந்தி மாத்தியிருக்காங்களா எண்டு பற்றரி வயரைப் பார். மாத்தாட்டில் பற்றரியைத் திருப்பு, கொயில் வயர் ரெண்டையும் இடம் மாத்து. ஸ்டாட்டர் எப்பிடிப் போட்டாலும் ஒரே திசையில்தான் சுத்தும். பழைய ரெகுலேட்டர் பெட்டியை வயரிங்கிலிருந்து கழற்று, அல்டனேட்டரிலிருந்து பற்றரிக்கு 6 சதுர மி.மீ. வயர் இழு. தகட்டு வேலை முழுசா முடிஞ்ச பிறகு பூட்டு. அதுக்குப் பிறகும் எங்கயாவது வெல்டிங் எண்டால் பற்றரி வயரையும் அல்டனேட்டர் வயரையும் கழற்றி வை, இல்லாட்டில் டயோட் எரிஞ்சுபோகும்.