வாசிப்பு வட்டத்தில் அந்த அகதிக் கப்பல் நாவலை எடுக்கலாமா?

கடலோரன் (சேன் ஆந்த்ரே):
அடுத்த மாதத்துக்கு ழான் ரஸ்பாய் 1973ல் எழுதிய ‘புனிதர்களின் முகாம்’ என்ற பிரெஞ்சு நாவலைச் செல்வா முன்மொழிந்திருக்கிறார். கங்கைக் கரையிலிருந்து ஓட்டைக் கப்பல்களில் லட்சக்கணக்கான ஏழைகள் கிளம்பி பிரான்சின் தென்கரையில் வந்து இறங்குகிறார்கள், நாடே அழிகிறது. இதுதான் கதை. எனக்கு இதில் சம்மதம் இல்லை. வருகிறவர்களில் ஒருவருக்கும் முகம் கிடையாது. அவர்கள் தலைவனுக்குக்கூட ‘மலம் தின்பவன்’ என்பதுதான் அடையாளம். மற்றவர்கள் வெறும் நாற்றமும் முனகலும்தான். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய நம் பூட்டன்மாரும் பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரீயூனியன் தீவில் இறங்கியதும் கிராந்த் ஷலூப் என்ற நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, பதிவேட்டில் ஓர் எண்ணாக ஏறியவர்கள்தானே?

செல்வா (சேன் பியேர்):
அண்ணா, அதே நாவலில் அமதுரா என்று ஒரு புதுச்சேரிக்காரர் வருகிறாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர் வெள்ளையர்களோடு சேர்ந்து துப்பாக்கி தூக்குகிறார். வெறும் நிறவெறி என்றால் அப்படி ஒருவரை ஏன் வைக்க வேண்டும்? எல்லையைப் பற்றிக் கவலைப்படுவதெல்லாம் இனவெறி ஆகிவிடாது. நம் தீவில் 9 லட்சத்துக்குக் கிட்டே ஜனம். பிள்ளைகளுக்கு வேலை இல்லை, வாடகை வீடு கிடைப்பதில்லை. 2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் இங்கே, குடியேற்றத்தை எதிர்க்கும் மரின் லெ பென்னுக்கு 59 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அத்தனை பேரும் இனவெறியர்களா?

கடலோரன்:
தம்பி, அந்த ஓட்டில் விலைவாசிக் கோபம் நிறைய இருந்தது, தெரியும். ஆனால் அமதுராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தக் கூட்டத்தில் இடம் எப்படிக் கிடைக்கிறது? தன் நாட்டு மக்களைச் சுடச் சம்மதித்ததால்தான். சுட மாட்டேன் என்கிற ஒரு நல்ல இந்தியனை அந்த ஆசிரியரால் கற்பனை செய்ய முடியவில்லை. எனக்கு அதிகம் வலித்தது அந்தப் பாத்திரம்தான்.

மீனாட்சி (சேன் தெனி):
ஜனப்பெருக்கத்தைப் பற்றி இந்தத் தீவுக்கு யாரும் நாவல் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சில் 1975 வரை கருக்கலைப்பு குற்றம். ஆனால் இங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, பெரும்பாலும் வெள்ளையரல்லாத ஏழைகளுக்கு, சம்மதம் கேட்காமலே கருக்கலைப்பும் கருத்தடையும் செய்தார்கள். 1970ல் அது அம்பலமானது. இன்னொரு பக்கம், 1962 முதல் 1984 வரை 2000க்கும் மேற்பட்ட நம் தீவுப் பிள்ளைகளை பிரான்சில் ஆள் குறைந்த க்ரூஸ் போன்ற மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். 2014ல் பிரெஞ்சு நாடாளுமன்றமே அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது. இங்கே கூடுதல் என்று கழித்த பிள்ளைகள் அங்கே கிராமத்தை நிரப்பத் தேவைப்பட்டார்கள். ரஸ்பாயின் நாவல் இந்தக் காலத்தில்தான் வந்தது. அதன் பயத்தை இதிலிருந்து பிரித்து என்னால் படிக்க முடியாது.

செல்வா:
அக்கா, அது பெரிய அநியாயம்தான். ஆனால் அரசு செய்ததைக் கதை எழுதியவர் தலையில் கட்டினால் எப்படி? பயமும் மனிதனுக்கு உள்ளதுதானே. அதை எழுதவே கூடாது என்றால் இலக்கியம் எதற்கு?

மீனாட்சி:
தடை செய்யச் சொல்லவில்லையே. 2018லும் 2019லும் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஆட்கள் வந்தார்கள், ஒரே படகில் 100க்கும் மேற்பட்டோர்கூட. அப்போது நம் ஆட்களே எழுதியதைப் படித்தேன்: நோய் கொண்டுவருவார்கள், பெருகிவிடுவார்கள், நம்மை மூழ்கடிப்பார்கள். அவர்கள் யாரும் ரஸ்பாயைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த நாவலில் உள்ள அதே படம்தான் அவர்கள் மனசிலும். மனிதர்களை வெள்ளமாகக் காட்டும் கதை இப்படித்தான் பரவுகிறது.

செல்வா:
படகில் வந்தவர்களுக்கு நானும் சோறு கொண்டுபோனேன். ஆனாலும் எத்தனை பேரை ஒரு சின்னத் தீவு வைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வி போகவில்லை. அதைக் கேட்கிற ஒரு கதையாவது நமக்கு வேண்டும்.

கடலோரன்:
தாராளமாகக் கேட்கட்டும். படகில் இருக்கிறவர்களுக்கும் பெயர் வைத்து, அவர்களையும் பேசவிட்டு ஒருவர் எழுதினால் முதலில் படிப்பவன் நான்தான். இந்த நாவலுக்கு என் ஓட்டு இல்லை.