நியூயார்க் ஸ்னோமொபைல் 'இலவசம்': யாருக்கு?

டக்ஹில்வாசி: பக்கத்துத் திரியில் நியூ ஜெர்சியிலிருந்து வரும் ஜெர்சிக்காரன் "நியூயார்க்கில் ஒரு வார இறுதி முழுக்க ஸ்னோமொபைல் (பனிமேல் ஓட்டும் வண்டி) பதிவுக் கட்டணம் தள்ளுபடி, அரசு என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று பூரித்திருக்கிறார். ஐயா, அந்தச் சலுகை வெளிமாநிலத்தாருக்கும் கனடாக்காரர்களுக்கும் மட்டும். இங்கேயே டக்ஹில் மேட்டுநிலத்தில் குடியிருக்கும் நான் ஸ்னோமொபைல் கிளப்பில் சேர்ந்தால் 45 டாலர், சேராவிட்டால் 100 டாலர் கட்டித்தான் வண்டியைப் பதிய வேண்டும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஜெர்சிக்காரன்: ஓசியில் வருகிற மாதிரி பேசாதீர்கள். சொந்த மாநிலத்தில் பதிந்த வண்டி, காப்பீடு இரண்டும் இருந்தால்தான் அந்தச் சலுகையே. மற்ற நாட்களில் நாங்கள் உங்கள் மாநிலத்திலும் இன்னொரு முறை பதிந்து அதே கட்டணத்தை அழுகிறோம். பெட்ரோலும் மோட்டலும் உங்கள் ஊரில்தானே?

டக்ஹில்வாசி: மோட்டல்காரர் பனிப்பாதையைச் சமன் செய்யும் குரூமர் வண்டியை ஓட்டுவாரா? பதிவுக் கட்டணம்தான் டிரெயில் (ஸ்னோமொபைல் பாதை) நிதிக்குப் போகிறது, அதிலிருந்துதான் பாதையைப் பராமரிக்கும் கிளப்புகளுக்கு மானியம். ஒன்டாரியோ ஏரி புண்ணியத்தில் இங்கே ஆண்டுக்கு 200 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டும். ராத்திரி முழுக்க குரூமர் ஓட்டிப் பனியை அமுக்கிச் சமன் செய்தால், மறுநாள் மதியத்துக்குள் வெளியூர்க்காரர்கள் ஒட்டகத் திமில் மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த 45 டாலரை யார் கட்டியது? நான்.

மிச்சிகன் மாமா: எங்கள் பக்கம் பிப்ரவரியில் ஒரு வார இறுதி எல்லாருக்குமே பெர்மிட் வேண்டாம். உள்ளூர், வெளியூர் பேதமில்லை. சும்மா சொன்னேன்.

டக்ஹில்வாசி: மாமா, அதைத்தான் நானும் கேட்கிறேன். எங்களுக்கு ஏன் இல்லை?

ஜெர்சிக்காரன்: அரசைக் கேளுங்கள், என்னை ஏன் கேட்கிறீர்கள்? இரண்டு நாள் என் வண்டி ஓடினால் டிரெயில் தேய்ந்தா போகும்?

டக்ஹில்வாசி: தேயாது. மூடிவிடுவார்கள். டிரெயிலில் பெரும்பகுதி தனியார் நிலம். ஒருவன் தடம் மாறி வயலுக்குள் புகுந்தால் போதும், அடுத்த வருடம் விவசாயி 'முடியாது' என்பார். உங்களுக்கென்ன, ஊருக்குப் போய்விடுவீர்கள்.

ஜெர்சிக்காரன்: அப்போ வயலுக்குள் புகுகிறவன் எல்லாம் ஜெர்சியா? போன வருடம் பனி டயர் திரியிலும் இதே பாட்டுத்தான். "ஜெர்சிக்காரனுக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது" என்று எழுதியது யார்?

டக்ஹில்வாசி: பிரேக் பிடிக்கத் தெரியவில்லைதானே?

அடிரான்டாக் அக்கா: சண்டைக்கு நடுவே ஒரு தகவல். எங்கள் அடிரான்டாக் மலைப் பக்கம் ஓல்ட் ஃபோர்ஜ் ஊருக்குப் போகிறவர்கள் அங்குள்ள டவுன் நிர்வாகத்தின் தனி பெர்மிட் எடுக்க வேண்டும். மாநிலத் தள்ளுபடி அதற்குச் செல்லாது.

டக்ஹில்வாசி: கேட்டீர்களா? அந்த டவுனுக்குக் கணக்குத் தெரிகிறது.

ஜெர்சிக்காரன்: அக்கா, நீங்களுமா? சரி, நான் வெர்மான்ட் போகிறேன்.

டக்ஹில்வாசி: தாராளமாக. அங்கேயும் டிரெயில் பாஸ் கேட்பார்கள்.

மிச்சிகன் மாமா: அது இருக்கட்டும், இந்த வாரம் உங்கள் டக்ஹில்லில் பனி எப்படி?

டக்ஹில்வாசி: பனியை விடுங்கள் மாமா. அந்த 45 டாலருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.