தரவரிசையில் கீழே இருக்கும் டீம்களை மட்டும் முதலில் மோத விடுவது நியாயமா?

அம்மாப்பேட்டை லெஃப்ட் பேக்:
வணக்கம் மக்களே. கால்பந்து ஆடத் தெரியும், இந்தத் தகுதிச்சுற்றுக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், நேற்று ராத்திரி தட்டுவடை செட்டு தின்றுகொண்டே கேட்கிறான், "மாமா, 2026 உலகக் கோப்பைக்கு இந்தியா ஆறு மேட்ச் ஆடித்தானே வெளியே வந்தது, ஸ்ரீலங்கா மட்டும் ஏன் ரெண்டே மேட்ச்சில் முடிந்துபோனது?" தேடிப் பார்த்தால் உண்மைதான். 2023 அக்டோபரில் யேமனிடம் 3-0 தோல்வி, அடுத்தது 1-1, அவ்வளவுதான், கதை முடிந்தது. நம்ம ஊர் டோர்னமென்ட்டில் ஒன்பது டீம் வந்தால் சீட்டுக் குலுக்கித்தான் 'பை' (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகிற வாய்ப்பு) கொடுப்பார்கள், யாருக்கு விழும் என்று யாருக்கும் தெரியாது. இங்கே என்னடா என்றால் மேலே இருப்பவனுக்கே எப்பவும் பை! விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனுக்கு இன்று சாயந்திரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் என் மானம் போய்விடும்.

சூரமங்கலம் ஸ்டாப்பர்:
கணக்கு ரொம்ப சின்னது அண்ணா. ஆசியாவில் அந்தத் தடவை 46 அணிகள். இரண்டாம் சுற்றுக்கு நான்கு நான்காக ஒன்பது குரூப் வேண்டும், அதாவது 36 அணி. பத்து அணி அதிகம். அந்தப் பத்தைக் கழிக்க இருபது அணிகளை ஜோடி ஜோடியாக, ஊருக்கு ஒரு மேட்ச் என்று மோத விட வேண்டும், 2023 ஜூலை ஃபிஃபா தரவரிசைப்படி ஆசியாவில் 27லிருந்து 46 வரை இருந்தவர்கள் மாட்டினார்கள். இந்தியா அப்போது உலக அளவில் 99, ஆசியாவில் முதல் 26க்குள், அதனால் தப்பித்தது. 2018, 2022 உலகக் கோப்பைகளுக்கு ஐந்தைந்தாக எட்டு குரூப், 40 அணி, அதனால் ஆறை மட்டும் கழித்தால் போதும், பன்னிரண்டு பேர்தான் முதல் சுற்று ஆடினார்கள். ஆக, யாரையும் கேவலப்படுத்த இதைச் செய்யவில்லை. வண்டியில் சீட்டு இவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட்டிலிருந்து ஃபிஃபா புள்ளி கணக்கிடும் முறையே வேறு. மேட்ச்சின் முக்கியத்துவத்தை, கிடைத்த முடிவுக்கும் எதிர்பார்த்த முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குவார்கள். தகுதிச்சுற்று மேட்ச்சுக்கு 25, ஃபிஃபா ஒதுக்கிய நாட்களில் ஆடும் நட்பு ஆட்டத்துக்கு 10. உன்னைவிட 600 புள்ளி மேலே இருப்பவனிடம் தோற்றால் உனக்கு நஷ்டம் 2.3 கூட வராது. உனக்குச் சமமானவனிடம் தோற்றால் 12.5 போகும், ஜெயித்தால் அதே 12.5 வரும். அதனால் புள்ளிக்காகப் பார்த்தால் சின்ன டீமுக்கு உயிர் போகிற மேட்ச் இந்த முதல் சுற்றுதான், பெரிய டீமிடம் ஆறு கோல் வாங்குவது இல்லை.

நாகலூர் கோலி:
நான் ஏற்காட்டுக்காரன், மேட்டு நியாயம் பேசுகிறேன், கோபிக்காதீர்கள். முதல் சுற்றே இல்லாமல் இருந்திருந்தால் பூடான் கதை நடந்தே இருக்காது. 2015 மார்ச்சில் பூடான் 209வது இடம், பட்டியலில் அதற்குக் கீழே ஆளே இல்லை. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அவர்கள் ஆடிய முதல் மேட்ச் கொழும்பில், 1-0 ஜெயித்தார்கள். திரும்பி வந்து திம்புவில் 2-1, ரெண்டு கோலும் சென்சோ கியெல்ட்ஷென். அந்த மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் 2300 மீட்டர் சொச்சம். நம்ம ஏற்காடு 1500 மீட்டர்தான், ஆனாலும் சேலத்திலிருந்து வேனில் மேட்ச்சுக்கு வருகிற பசங்களைப் பார்த்திருக்கிறேன், மூச்சு வாங்குவதெல்லாம் அப்புறம், இருபது கொண்டை ஊசி வளைவிலேயே பாதி டீம் காலி. ஒரு தடவை அவர்கள் சென்டர் ஃபார்வர்டு கிக் ஆஃப் வரைக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கோல் போஸ்ட்டில் சாய்ந்தே நின்றான். ஜெயித்தோம், ஆனால் அதை ஜெயிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூடான் அடுத்த சுற்றுக்குப் போய் எட்டு மேட்ச்சும் தோற்றது, கத்தாரிடம் 15-0, சீனாவிடம் 12-0. நேராகவே குரூப்பில் போட்டிருந்தால் இந்த 15-0 மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

சூரமங்கலம் ஸ்டாப்பர்:
அதேதான். 2001 ஏப்ரல் 11 ஆஸ்திரேலியா 31, அமெரிக்கன் சமோவா 0. ஆர்ச்சி தாம்ப்சன் ஒருத்தரே 13 கோல். அந்த ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் ஓசியானியாவில் (பசிபிக் பகுதி) சின்னத் தீவுகளுக்கென்று தனியாக முதல் சுற்று வந்தது. அன்றைக்கு 31 வாங்கிய கோல் கீப்பர் நிக்கி சலாப்புதான் 2011 நவம்பரில் அப்படி ஒரு முதல் சுற்றில் டோங்காவை 2-1 ஜெயித்தபோதும் கோலில் நின்றார்.

செவ்வாய்ப்பேட்டை பெஞ்ச்:
எல்லாரும் ஜெயித்தவன் கதையையே சொல்கிறீர்கள். தோற்றவன் என்ன ஆனான்? பெயரைப் பாருங்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்தே வளர்ந்தவன், எனக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது ஒரு டோர்னமென்ட், நுழைவுக் கட்டணம் 1500 ரூபாய், ஆளுக்கு நூறு போட்டுக் கட்டினோம். புது டீம் என்று காலை ஏழு மணிக்கு பிரிலிமினரி போட்டார்கள், கோல் போஸ்ட்டுக்கு வலைகூட இன்னும் கட்டவில்லை, லைன்ஸ்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். பெனால்ட்டியில் தோற்றோம். எட்டரைக்கு வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தேன், பெரிய டீமெல்லாம் அப்போதுதான் பூட்ஸ் போட்டிருப்பான். தோற்றது கூடப் பரவாயில்லை. நல்ல டீம் ஒன்றோடு ஆடிப் பார்க்கத்தானே காசு கட்டினோம்?

ஸ்ரீலங்காவுக்கும் அதுதானே. குரூப்புக்குப் போயிருந்தால் இன்னும் ஆறு மேட்ச், அதில் மூன்று சொந்த மண்ணில். அவர்களுக்கு 2019இல் நடந்தது தெரியுமா? முதல் மேட்ச்சில் மக்காவ் 1-0 ஜெயித்தது, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்புக்கு வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள், ஃபிஃபா 3-0 என்று ஸ்ரீலங்காவுக்கு எழுதிக் கொடுத்தது. அப்படிப் போனவர்கள் தென் கொரியாவிடம் 8-0 வாங்கினார்கள்தான். இருக்கட்டுமே, அவர்கள் நட்சத்திரம் சோன் ஹியுங் மின் ஆடுகிற மைதானத்தில் நின்றோம் என்று அந்தப் பசங்கள் ஆயுசுக்கும் சொல்வார்கள்.

நாகலூர் கோலி:
பெஞ்ச் அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் பாகிஸ்தானையும் பாருங்கள். 2023 அக்டோபர் 17, இஸ்லாமாபாத், கம்போடியாவை 1-0. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி, ஹாருன் ஹமீது அடித்தார். அப்புறம் குரூப்பில் ஆறும் தோல்வி. அந்த ஊர்க்காரனிடம் போய் எந்த மேட்ச் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். இதே முதல் சுற்றில் புரூனேயை 6-0, 6-0 என்று அடித்துவிட்டுக் கிளம்பிய இந்தோனேசியா நான்காம் சுற்று வரை போனது. (பாதி டீம் நெதர்லாந்தில் பிறந்தது, அது வேறு பஞ்சாயத்து.)

அம்மாப்பேட்டை லெஃப்ட் பேக்:
எல்லாருக்கும் நன்றி. தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து படித்தேன். பெஞ்ச் சொல்வதுதான் எனக்குச் சரி என்று படுகிறது, பையனோ ஸ்டாப்பர் கட்சி, 12.5 கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டான். இப்போது அடுத்த கேள்வி: "மாமா, இந்தியா 2025 நவம்பரில் 142க்கு இறங்கிடுச்சே, அடுத்த தடவை நாமும் முதல் சுற்றா?"

சூரமங்கலம் ஸ்டாப்பர்:
ஏற்கனவே போனோமே! 2015 மார்ச், நேபாளத்தோடு. குவாஹாத்தியில் 2-0, ரெண்டும் சேத்ரி, காத்மாண்டுவில் 0-0. கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். அந்த பாகிஸ்தான் வெற்றிக்கும் அவரேதான் கோச். அப்போது உங்கள் அக்கா மகன் பால்வாடியில் இருந்திருப்பான், சொல்லிவிடுங்கள்.