ஆளுக்கு ஒரு வழியா, எல்லோருக்கும் ஒரே கூரையா?

நெட்டைக்கொக்கு:
போன வருடம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். பதினோரு இரவு ஆஸ்பத்திரி. ஒரு இரவுகூட அவர் தனியாக இல்லை. சித்தப்பா, அத்தை மகன், அக்கா, நான் என்று யார் எந்த ராத்திரி இருப்பது என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரருக்குப் போன் மட்டும்தான் வந்தது. 'என் வாழ்க்கை, என் இஷ்டம்' எல்லாம் படுக்கையில் விழும்வரைதான். குடும்பம், கூட்டம் என்று வாழும் சமூகம்தான் நிலைக்கும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பிடிவாதி:
வந்துவிட்டேன். நான் என்ன படிப்பது என்று ஏழு பேர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொல்ல மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். உங்கள் கூட்டத்துக்கு இந்த முகமும் உண்டு.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனை தெரியுமா? அட்டையில் மூன்று கோடுகள். எது இன்னொரு கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சோதிக்கப்படுபவர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் பதில் சொல்பவர்கள் எல்லோரும் ஏற்பாடு செய்த ஆட்கள். கூசாமல் தப்பாகச் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் விடை இருந்தும், சோதிக்கப்பட்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். பிற்பாடு 17 நாடுகளில் நடந்த இதே மாதிரிச் சோதனைகளை 1996-இல் தொகுத்துப் பார்த்தபோது, கூட்டு மனப்பான்மை மிகுந்த நாடுகளில் இந்தத் தலையாட்டல் இன்னும் அதிகமாக இருந்தது.

நெட்டைக்கொக்கு:
ஆஷ் சோதித்தது அமெரிக்கக் கல்லூரிப் பையன்களை! தனிமனிதச் சுதந்திரத்தின் தாய்வீட்டிலேயே இந்த லட்சணம். அப்புறம், பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-லேயே காட்டிவிட்டார், சமூகத்தோடு உள்ள பிணைப்பு தளர்ந்த இடத்தில் தற்கொலை கூடுகிறது என்று.

பிடிவாதி:
பாதியோடு நிறுத்திவிட்டீர்களே. பிணைப்பு இறுகிப் போனாலும் சாவு கூடும் என்று அதே ஆய்வில் சொன்னார். பொதுமக்களைவிட ராணுவ வீரர்களிடம் தற்கொலை அதிகம் என்பதைத்தான் அதற்குச் சான்றாக வைத்தார்.

மூணாவது பெஞ்ச்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்வீடனை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? 1971-இலிருந்து அங்கே கணவன், மனைவி சம்பளத்துக்குத் தனித்தனி வரி. கல்லூரி மாணவருக்கு உதவித்தொகை தரும்போது பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை. முதியோர் பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு. யாரும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? ஊரே சேர்ந்து கட்டும் வரியிலிருந்து. தனியாக நிற்பவரின் காலடியில் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது, கண்ணில் படாததுதான் வித்தியாசம்.

இன்னொன்று. ஜப்பானிய ஆய்வாளர் யமகிஷி 1994-இல் எழுதியது: முன்பின் தெரியாதவரை நம்புவதில் ஜப்பானியரைவிட அமெரிக்கர்கள் ஒரு படி மேலே. நெருங்கிய வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருப்பதால் நம்பிக்கைக்கே வேலை இல்லாமல் போகிறது என்பது அவர் விளக்கம்.

நெட்டைக்கொக்கு:
சரி, உள்ளாட்சி ஊழியருக்கு ஷிப்ட் முடிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார யார் வருவார்கள்?

பிடிவாதி:
என் அம்மாவுக்கு நான் உட்கார்ந்தேன், ஒன்பது மாதம், வேலையை விட்டுவிட்டு. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவான். 'குடும்பமே பார்த்துக்கொள்கிறது' என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள், எந்தப் பெயர் எத்தனை தடவை என்று.

நெட்டைக்கொக்கு:
தேடி எடுத்தேன். பதினோரு இரவில் ஏழு, அக்கா. எனக்கு இரண்டு. பட்டியலை எழுதியதும் அவள் கையெழுத்துதான். இருந்தாலும் அப்பா தனியாக இல்லை என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிடிவாதி:
விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த ஏழு இரவைப் பற்றி அக்காவிடம் கேட்டீர்களா?