ஆர் மொழியிலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை அணுகுதல்: நினைவகமும் விசித்திரமான எண்களும்

கேள்வி

எங்கள் ஆய்வுக்குழுவின் மழைமானிப் பதிவுகள் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளன. முதன்மை அட்டவணையில் ஏறத்தாழ 4 கோடி வரிசைகளும் 12 நெடுவரிசைகளும் இருக்கின்றன. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில், தரவுத்தளத்தோடு இணைக்கும் டிபிஐ, ஆர்போஸ்ட்கிரெஸ் ஆகிய பேக்கேஜ்களை நிறுவி, டிபிகனெக்ட் மூலம் இணைப்பை ஏற்படுத்திவிட்டேன். ஆனால் டிபிரீட்டேபிள் கொண்டு முழு அட்டவணையையும் எடுக்கும்போது, 8 ஜிபி நினைவகமுள்ள கணினி அப்படியே நின்றுவிடுகிறது. சிறு பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தபோது வேறொரு சிக்கல்: பிக்இன்ட் (64 பிட் முழு எண்) வகையிலுள்ள நிலைய எண்களை இஃப்எல்ஸ் என்ற நிபந்தனைச் சார்பு வழியாக மாற்றியபின், அவை பூஜ்யத்தை ஒட்டிய மிக நுண்ணிய பின்னங்களாகத் தெரிகின்றன. இவ்விரண்டுக்கும் வழி கூற இயலுமா?

மறுமொழி 1

ஆர் மொழி தரவை முழுவதும் நினைவகத்தில் வைத்தே இயங்குகிறது. ஒரு எண்ணுக்கு 8 பைட் எனக் கொண்டால், 4 கோடி வரிசைகளுக்கும் 12 நெடுவரிசைகளுக்கும் 384 கோடி பைட் தேவை. இடையில் ஒரே ஒரு நகல் உருவானாலும் உங்கள் கணினி தாங்காது. நினைவகத்தைக் கூட்டுவதைவிட, கணக்கைத் தரவுத்தளத்திலேயே முடித்து விடையை மட்டும் வாங்குவதே முறை என்பேன். டிபிபிளையர் என்ற பேக்கேஜ் இதற்கென்றே உள்ளது: தரவைக் கையாளும் டிபிளையர் பேக்கேஜின் நடையில் நீங்கள் எழுதும் ஃபில்டர், குரூப்பை, சம்மரைஸ் ஆகியவற்றை அது தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லாக மாற்றி வைத்துக்கொள்ளும், கலெக்ட் என்று அழைக்கும்வரை முழு விடையும் ஆருக்குள் வராது. ஷோகொயரி கொடுத்தால் உருவான எஸ்கியூஎல்லை நீங்களே படித்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் அதைத் தவறாமல் செய்யுங்கள்.

மழைப் பதிவில் ஓர் எச்சரிக்கை அவசியம். விடுபட்ட மதிப்பு ஒன்று இருந்தாலும் ஆரில் சராசரி காணும் மீன் (mean) சார்பு இயல்பாக என்ஏ (மதிப்பு இல்லை) என்றே விடை தரும். எஸ்கியூஎல்லின் சராசரியோ விடுபட்ட (NULL) மதிப்புகளைச் சத்தமின்றி ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும். ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் மொத்த வரிசைகள் எத்தனை, மதிப்புள்ளவை எத்தனை என்பதையும் சேர்த்தே எடுங்கள். பாதி நாட்கள் பதிவாகாத மாதத்தின் சராசரியை நம்புவதற்கில்லை.

மறுமொழி 2

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் வேறு. ஆரின் முழு எண் 32 பிட் மட்டுமே. 2,14,74,83,647க்கு மேல் அதற்கு இடமில்லை. எனவே ஆர்போஸ்ட்கிரெஸ், பிக்இன்ட் மதிப்புகளை பிட்64 பேக்கேஜின் இன்டிஜர்64 வகையாகத் தருகிறது. அவ்வகை, தசம எண்ணுக்குரிய 8 பைட்டுகளிலேயே முழு எண்ணின் பிட்டுகளை வைத்து, மேலே ஒரு வகைப்பெயரை மட்டும் ஒட்டியிருக்கும். இஃப்எல்ஸ் அந்தப் பெயரை உதிர்த்துவிடுவதால், அதே பிட்டுகள் தசம எண்ணாக வாசிக்கப்படுகின்றன. டிபிகனெக்ட் அழைப்பில் பிக்இன்ட் என்ற அளவுருவுக்கு நியூமெரிக் எனக் கொடுத்தால் தீர்ந்தது. 2இன் 53ஆம் அடுக்கு வரையுள்ள எண்களுக்கு அது பிசகாது. நிலைய எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால், கேரக்டர் என்றே வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது என்பது என் கருத்து. இஃப்எல்ஸுக்கு மாற்றாக டிபிளையரின் இஃப்_எல்ஸைப் பயன்படுத்துவதும் உதவும்.

மறுமொழி 3

மேலே கூறியவற்றோடு ஒன்று. நிலையப் பெயரை, எழுத்துத் தொடர்களை இணைக்கும் பேஸ்ட் சார்பு கொண்டு எஸ்கியூஎல் வரியில் ஒட்டாதீர்கள். பெயரில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தாலே வினவல் முறிந்துவிடும், வெளியாள் தரும் உள்ளீடு என்றால் ஆபத்தும் உண்டு. வினவலில் $1 என்று இடம் விட்டு, மதிப்பை பேரம்ஸ் என்ற அளவுரு வழியாகத் தனியே அனுப்புங்கள். கடவுச்சொல்லை நிரலில் எழுதாமல் ஆரின் சூழல் மாறிக் கோப்பில் வைத்து, சிஸ்.கெட்என்வ் மூலம் எடுங்கள். அந்தக் கோப்பை, நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாம்.