அரசுத் துறையில் தரவுப் பாதுகாப்பு, ஏஐ நெறிமுறை வேலை: எந்த வழியாக உள்ளே போவது?

வணக்கம். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நான்கு வருடமாக வக்கீலாக இருக்கிறேன், வீடு ஒத்தக்கடை, வயது 28, பி.ஏ. எல்.எல்.பி., கோடிங் தெரியாது. அரசுப் பக்கம் தனியுரிமைச் சட்டம், ஏஐ நெறிமுறை சார்ந்த வேலைக்குப் போக வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்றே பிடிபடவில்லை.

தமிழ்நாடு அரசு 2020-லேயே ஏஐ நெறிமுறைக் கொள்கை வெளியிட்டது, 2023-ல் மத்திய அரசின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதன் விதிகள். ஆனால் ஒன்றரை வருடமாக டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளைப் பார்க்கிறேன், இதற்கென்று ஒரு பதவிகூட என் கண்ணில் படவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பு, சட்டம், விதிகள் எல்லாம் குறிப்பெடுத்துப் படித்தாயிற்று. ஐஏபிபி என்ற சர்வதேசத் தனியுரிமை வல்லுநர் சங்கம் நடத்தும் ஏஐஜிபி என்ற ஏஐ நிர்வாகச் சான்றிதழ் தேர்வுக்கு ஆறு மாதமாகத் தயாராகிறேன், கட்டணம் டாலரில். இரண்டு துறைகளுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. பெங்களூரு கம்பெனி ஒன்று கூப்பிட்டது, எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. மேலூர் பக்கம் ஒரு ரேஷன் கடையில், களை பறித்தே ரேகை தேய்ந்துபோன ஒரு பாட்டியின் கட்டைவிரலைக் கருவி மூன்று தடவை ஏற்கவில்லை. வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். அப்படிப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்று விதி எழுதுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும்.

அரசுப் பக்கம் இந்த வேலையில் ஏற்கெனவே இருப்பவர்கள் சொல்லுங்கள்: நீங்கள் முதலில் எந்த வழியாக உள்ளே போனீர்கள்?