பூநகரி வளவு குழுவில் ஒரு குழாய்க்கிணறு

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவின் பெயர் 'பூநகரி வளவு'. போன கிழமை அதில் நடந்த பேச்சு இது. நடுவில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்துச் செய்திகளைக் கஜனின் போனில் பார்த்து எழுதினேன். காலை வணக்கப் பூக்களையும் திருவிழாப் படங்களையும் விட்டுவிட்டேன். அம்மம்மாவுடையது எல்லாம் குரல் செய்தி.

செவ்வாய், இரவு

பெரியப்பா (ரொறொன்ரோ): எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. வளவில் குழாய்க்கிணறு அடிக்க ஆட்களைப் பிடித்துவிட்டேன். 120 அடி. வெள்ளிக்கிழமை வருகிறார்கள். முற்பணமும் அனுப்பியாயிற்று. இனி தென்னைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை.

பெரியம்மா: பெரிய மோட்டராகப் போடச் சொல்லியிருக்கிறோம்.

சித்தி: நல்லது அத்தான். வாளியோடு தண்ணீர்ப் பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காலம் முடியட்டும்.

கஜன்: சுப்பர் பெரியப்பா

நான்: பெரியப்பா, இதைப் பற்றி உங்களுக்குத் தனியாக இரண்டு தடவை எழுதினேன். நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன். 120 அடி வேண்டாம். சவர், அதாவது உப்புத் தண்ணீர், வரும்.

பெரியப்பா: அடிக்கிறவர்கள் இருபது வருட அனுபவக்காரர்.

நான்: உள்ளே, கண்டி வீதிப் பக்கம் அடித்த அனுபவம். நம் வளவிலிருந்து கடல்நீரேரி 600 மீற்றர்கூட இல்லை.

கஜன்: கடல் அங்கே, கிணறு இங்கே. எப்படி அக்கா வரும்?

நான்: வரத் தேவையில்லை, ஏற்கெனவே கீழே இருக்கிறது. நல்ல தண்ணீர் அதற்கு மேலே மிதக்கிறது. ஒரு கன மீற்றர் நல்ல தண்ணீர் 1000 கிலோ, கடல் தண்ணீர் 1025 கிலோ. வித்தியாசம் 25. 1000ஐ 25ஆல் பிரித்தால் 40. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரைதான் நல்ல தண்ணீர். நமக்கு இந்த மாதம் ஒன்றரை அடி. அதாவது 60. அங்கே 120 அடிக்குக் குழாய் இறக்கினால் நேரே சவருக்குள் போய் நிற்கும்.

நான்: இன்னொன்று. பெரிய மோட்டர் போட்டு மேலே 1 அடி இறக்கினால், கீழே சவர் 40 அடி ஏறப் பார்க்கும். ஏறுவது சுறுக்காக நடக்கும். திரும்ப இறங்குவதற்கு எத்தனை மாரி வேண்டுமோ தெரியாது. இப்போதுள்ள கட்டுக்கிணற்றிலேயே அளந்தேன். காலையில் மின்கடத்துதிறன் 900. உப்புக் கூடக்கூட இந்த இலக்கம் கூடும். சின்ன மோட்டர் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு 1400.

பெரியப்பா: பட்டம் எடுத்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிற பிள்ளை எனக்குக் கிணறு படிப்பிக்கிறது. காசு யாருடையது? இதைத் தனியாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? பதினான்கு பேர் பார்க்க எழுதவேண்டுமா?

நான்: தனியாகச் சொன்னேன் பெரியப்பா. இரண்டு தடவை.

பெரியப்பா உங்களை நீக்கினார்

புதன், காலை

சித்தி: துஷியை எடுத்தது யார்?

பெரியம்மா: கோபத்தில் செய்துவிட்டார். நான் ஏசியிருக்கிறேன்.

பெரியப்பா: குழுவில் ஒரு ஒழுங்கு வேண்டும்.

மாமா (கிளிநொச்சி): அத்தான், கோவிக்க வேண்டாம். நிக்ஸனும் இதைத்தான் செய்தார்.

கஜன்: எந்த நிக்ஸன்? முறிகண்டியில் கடை வைத்திருக்கிறவரா?

மாமா: அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன். பௌதிகவியல் வாத்தியாருக்கு ஓய்வு கொடுத்தாலும் கதை சொல்கிற வியாதி போகாது, கேளுங்கள். ரிச்சர்ட் கார்வின் என்று ஒரு பௌதிக விஞ்ஞானி இருந்தார். 1928இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். தகப்பனார் பகலில் தொழில்நுட்பப் பள்ளிக்கூட வாத்தியார், இரவில் தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். மகன் 21 வயதில் சிக்காகோவில் பெர்மி என்ற பெரிய பௌதிக விஞ்ஞானியிடம் கலாநிதிப் பட்டம் வாங்கிவிட்டார். யாரையும் இலேசில் புகழாத பெர்மி, தான் சந்தித்த ஒரே மேதை இவர்தான் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

கஜன்: துஷி அக்கா 24 வயதில் பட்டம். பரவாயில்லை.

மாமா: இடையில் இரண்டு இடப்பெயர்வை நீ கணக்கில் எடுக்கவில்லை.

மாமா: கார்வின் வேலை செய்தது ஐ.பி.எம் என்ற கணினிக் கொம்பனியில். அரசாங்கச் சம்பளத்தில் அவர் தங்கியிருக்கவில்லை. அதைக் கவனியுங்கள், பிறகு தேவைப்படும். ஜனாதிபதிக்கு விஞ்ஞான ஆலோசனை சொல்ல ஒரு குழு இருந்தது. அதில் 1962 முதல் 65 வரையும், மறுபடி 1969 முதல் 72 வரையும் இருந்தார். நிக்ஸனுக்கு ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்று கட்டவேண்டும் என்று ஆசை. இங்கிலாந்தும் பிரான்சும் கொன்கோர்ட் கட்டுகின்றன, ரஷ்யாவும் கட்டுகிறது, நாங்கள் சும்மா இருப்பதா என்ற ரோசம்.

சித்தி: பக்கத்து வளவில் குழாய்க்கிணறு, நமக்கு இல்லையா என்கிற மாதிரி.

மாமா: நான் சொல்லவில்லை, தங்கச்சி சொல்கிறாள். அந்த விமானத்தை ஆராயச் சொல்லிக் கார்வின் தலைமையில் ஒரு சின்னக் குழு போட்டார்கள். 1969இல் அது 'வேண்டாம், கைவிடுங்கள்' என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திட்டத்தை நடத்தினார்கள்.

கஜன்: நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை.

மாமா: அதேதான். 1970இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்கப் பாராளுமன்றம், அவரைச் சாட்சி சொல்ல அழைத்தது. போனார். பூட்டிய அறிக்கையிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை. எல்லோருக்கும் கிடைக்கிற தகவலை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த விமானம் ஒன்று எழும்புகிற சத்தம், 50 ஜம்போ ஜெட் ஒரே நேரத்தில் எழும்புகிற சத்தம் என்றார். 1971 மார்ச்சில் காங்கிரஸ் காசை நிறுத்தியது. விமானம் கட்டப்படவேயில்லை.

பெரியப்பா: இரு மச்சான். ஜனாதிபதி நம்பி உள்ளே எடுத்த ஆள், வெளியே போய் எதிராகச் சாட்சி சொல்வது எந்த ஊர் நியாயம்? ஆலோசகர் என்றால் காதுக்குள் சொல்லவேண்டும். கேட்பதும் கேட்காததும் தலைவன் விருப்பம்.

மாமா: அங்கேயும் பல பேர் அப்படித்தான் சொன்னார்கள். கார்வினின் பக்கத்து நியாயம் இது: நான் முழுநேர அரசாங்க ஆள் இல்லை. இரகசியமாகப் பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன். ஆனால் என் மூளை ஜனாதிபதியின் சொத்து இல்லை. எனக்கு இந்த நியாயம் முழுக்கச் சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் அத்தான் கேட்பது சில்லறைக் கேள்வி இல்லை. எல்லா ஆலோசகர்களும் மறுநாளே காங்கிரஸுக்கு ஓடினால், எந்த ஜனாதிபதி இனி வாயைத் திறந்து ஆலோசனை கேட்பார்?

பெரியப்பா: அதைச் சொல்லு.

மாமா: முடிவைக் கேளுங்கள். 1973இல் நிக்ஸன் அந்தக் குழுவையே கலைத்துவிட்டார். விமானம் மட்டும் காரணம் இல்லை, ஏவுகணை எதிர்ப்புத் திட்டத்திலும் விஞ்ஞானிகள் முரண்பட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 1976இல், காங்கிரஸ் சட்டம் போட்டு வேறு பெயரில் அலுவலகம் திறந்தது. நமக்கு மூன்று வருடம் இல்லை அத்தான். வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

(இந்த இடத்தில் கஜன் எனக்குப் போன் எடுத்துச் சிரித்தான். நான் சிரிக்கிற நிலையில் இல்லை.)

புதன், மத்தியானம்

சித்தி: அண்ணா, கூகிளில் அந்த ஆளைத் தேடினேன். ஐதரசன் குண்டை வடிவமைத்தவர் என்று போட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

மாமா: சொல்லியிருக்கவேண்டும். 1951 கோடையில் லொஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வுகூடத்தில், 23 வயதில், டெல்லர், உலாம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்ட யோசனையை வெடிக்கக்கூடிய பொருளாக வரைந்து கொடுத்தது அவர்தான். 1952 நவம்பர் 1ஆம் திகதி பசிபிக்கில் வெடித்தார்கள். 10.4 மெகாதொன். ஹிரோஷிமாவைப் போல ஏறத்தாழ 700 மடங்கு. எலுகெலாப் என்ற தீவே இல்லாமல் போனது. அவருடைய பங்கு வெளியே பரவலாகத் தெரியவர அரை நூற்றாண்டு ஆனது.

சித்தி: பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் நான். குண்டு செய்தவனைக் கொண்டுவந்து நல்ல மனிதன் என்று இந்தக் குழுவில் நிறுத்தாதீர்கள்.

மாமா: நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், பரிசோதனையை நிறுத்து, ஆயுதத்தைக் குறை என்று ஜனாதிபதிகளிடம் வாதாடினார். வருகிற ஏவுகணைகளைத் தடுக்க ரேகன் கொண்டுவந்த 'நட்சத்திரப் போர்' திட்டத்தை எதிர்த்தார்.

சித்தி: அதனால் அந்தத் தீவு திரும்ப வந்ததா?

மாமா: இல்லை.

(அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் யாரும் எழுதவில்லை. எங்கள் குழுவில் அது பெரிய நேரம்.)

கஜன்: நம் ஆட்களில் இப்படி யாரும் இல்லையா மாமா? கலாம்?

மாமா: கலாம் திருச்சியில் பௌதிகம் படித்துவிட்டு விமானப் பொறியியலுக்குப் போனவர். இந்திய அரசின் முதன்மை விஞ்ஞான ஆலோசகர் என்ற பதவியில் 1999இல் முதலில் இருந்தவரும் அவர்தான். அடுத்தவர் ஆர். சிதம்பரம். சென்னையில் பிறந்தவர், முழுப் பௌதிகக்காரர். 2001இலிருந்து 2018 வரை அந்தக் கதிரையில் இருந்தார். 2025 ஜனவரியில் காலமானார். சித்திக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், 1974லும் 1998லும் பொக்ரானில் அணுகுண்டு வெடித்த குழுவில் அவரும் ஒருவர். 1998இல் அமெரிக்கா அவருக்கு விசாவும் கொடுக்கவில்லை.

சித்தி: பௌதிகம் படித்தால் குண்டுதானா?

மாமா: ஆலோசகர் கதிரை வரைக்கும் போனவர்களில் நிறையப் பேர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறார்கள். அது எனக்கும் உறுத்துகிறதுதான். ஆனால் சிதம்பரம் அந்தக் கதிரையில் இருந்து செய்ததில் எனக்குப் பிடித்தது வேறு. கிராமங்களுக்குத் தேவையான தொழில்நுட்பத்தை ஐ.ஐ.டி.களைக் கொண்டு செய்விக்க ஒரு ஏற்பாடு தொடங்கினார். கிராமத்தில் என்ன தேவை என்று கேட்டு, அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசையில் போடுவது.

பெரியப்பா: பார்த்தாயா, அவர் கடைசி வரைக்கும் அரசாங்கத்தோடு ஒத்துப்போனார்.

மாமா: அவர் விரும்பியதையும் அரசாங்கம் விரும்பியதையும் பெரும்பாலும் ஒரே வண்டியில் ஏற்ற முடிந்தது. அது கொடுப்பினை அத்தான். துஷிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்கு வாய்த்தது நீங்களும் 120 அடியும்.

பெரியம்மா: இவர் சிரிக்கிறார். ஆனால் எழுதமாட்டார்.

மாமா: கார்வினுக்கு 2016இல் ஒபாமா அமெரிக்காவில் குடிமக்களுக்கான மிக உயர்ந்த பதக்கம் கொடுத்தார். அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்ன தெரியுமா? மட்டி கழுவுகிற இயந்திரம். அதற்குக் காப்புரிமையும் எடுத்திருக்கிறார்.

அம்மம்மா (குரல் செய்தி): என்ன மட்டியைப் பற்றிக் கதைக்கிறீர்கள்? நாச்சிக்குடாவில் கையாலேதானே கழுவுகிறோம். சரி, நான் சொல்லவந்தது வேறு. நான் கலியாணம் முடித்து வந்த காலம், நீரேரிப் பக்கத்து வளவில் ஒருவர் கிணற்றை ஆழக் கிண்டினார். முதல் வருடம் தண்ணீர் பால் மாதிரி. ஊரே பார்க்கப் போனது. மூன்றாம் வருடம் தேத்தண்ணி உப்புக் கரித்தது. தென்னை ஒவ்வொன்றாக வட்டுக் காய்ந்தது. காணியை விற்க வாங்குகிற ஆள் இல்லை. அந்தப் பிள்ளை ஏதோ நாற்பது என்று கணக்குச் சொன்னதாம். எனக்குக் கணக்குத் தெரியாது. காணி என் பெயரில் இருக்கிறது, அது தெரியும். துஷியைச் சேருங்கள்.

பெரியப்பா உங்களைச் சேர்த்தார்

புதன், இரவு

பெரியப்பா: பிள்ளை, அளந்த கணக்கை அனுப்பு. நேற்று எழுதியதை மனதில் வைக்காதே.

நான்: அனுப்புகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன். 40 மடங்கு என்பது ஒரு உத்தேசக் கணக்கு. மண்ணுக்கு மண் மாறும். மாரி முடிந்து அளந்தால் வேறு இலக்கம் வரும். அதனால் என் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். தண்ணீர்ச் சபையில் ஒரு தடவை காட்டுவோம்.

பெரியப்பா: அப்படியென்றால் தண்ணீருக்கு என்னதான் வழி?

நான்: இருக்கிற கட்டுக்கிணறு போதும். சின்ன மோட்டர், காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி. மேலே ஒரு தொட்டி. மிளகாய்க்குச் சொட்டு நீர். பின் வளவில் இருக்கிற பழைய கேணியைத் தூர் எடுத்தால் மாரி மழை அதில் நிற்கும், கிணற்றுக்கும் ஊறும். குழாய்க்கிணற்றுச் செலவில் பாதிகூட வராது.

சித்தி: கேணி தூர் எடுக்க நானும் வருகிறேன். கஜனும் வருவான்.

கஜன்: எனக்குச் சோதனை

சித்தி: சோதனை ஓகஸ்டில்.

பெரியப்பா: சரி. வெள்ளிக்கிழமை ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொடுத்த முற்பணம் திரும்ப வருமா?

மாமா: வராது.

பெரியப்பா: இதற்கும் பௌதிகத்தில் ஏதாவது விதி இருக்கிறதா?

நான்: இருக்கிறது பெரியப்பா. தனியாக எழுதுகிறேன். இந்தத் தடவையாவது பதில் போடுங்கள்.